பிடுங்கிய பல்லுக்கு யார் பொறுப்பு?

(மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மும்பையில் ஓர் ஏழை தன் பல்லை இழக்க ஒரு காலைப்பொழுது போதும். பொது மருத்துவமனையில் சீட்டு எடுத்து வரிசையில் நின்றால், ஊசி போட்டு, மரத்துப்போனதும் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பல் எல்லாம் போனவருக்கு செட் கட்ட வேண்டுமென்றால் கதை வேறு. ஈறு ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் முதல் அளவு, இரண்டாம் அளவு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் உயரம் பார்ப்பது, மெழுகில் பல் வைத்துப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் செட்டைக் கொடுப்பது என்று ஐந்து நடை. கொடுத்த பின்னும் உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய ஓரிரு நடை. நாள்கூலிக்காரர் ஒருவருக்கு அத்தனையும் சம்பளமில்லாத நாட்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் மக்கள் முடிவெடுக்கிறார்கள். இந்தப் பல்லை ரூட் கெனால் செய்து காப்பாற்றலாம், இரண்டு மூன்று தடவை வாருங்கள், மேலே கேப் போடலாம் என்று தாராவியில் சொன்னால் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: “எத்தன தடவ வர முடியும் டாக்டரம்மா? புடுங்கிப் போட்ருங்க, சோலி முடிஞ்சுது.”

சோலி அங்கே முடிவதில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

லேபர் கேம்ப் உங்களுக்குத் தெரியும். பெயரில் மாட்டுங்கா ஒட்டிக்கொண்டிருந்தாலும் தாராவிக்குள் இருப்பது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே இட்லி அவித்தும் முறுக்கு சுட்டும் நகரத்துக்குக் கொடுத்து வருகின்றன. அப்படி முறுக்கு சுடும் ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. தான் சுட்ட முறுக்கைக் கடித்து உப்பும் பதமும் பார்க்க முடியவில்லை. மருமகளிடம் நீட்டிக் கேட்கிறார். “பல்லு போனதுகூடப் பெரிசில்லம்மா, அவகிட்டக் கேக்க வேண்டியிருக்கே” என்றார். ஊர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பேசும்போது முந்தானை தானாக வாயருகே வந்துவிடும். குழாயடியில் தகராறு வந்தால் முன்னால் நின்று வழக்குப் பேசிய மனுஷி, இப்போது பின்வரிசையில் நிற்கிறார். பேச்சு காற்றாகப் போனால் எதிரில் நிற்பவள் சிரித்துவிடுவாளோ என்று பயம். அவர் என்னிடம் வந்தது, ஆடிக்கொண்டிருந்த ஒரு கீழ்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள. ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பதெல்லாம் நான் கேட்ட பிறகுதான் வந்தது.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. கேரி ஸ்லேட் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட 14 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பல நாடுகளில் பல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். பல் தொல்லையால் சொற்களை உச்சரிக்கச் சிரமமா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்களா என்று கேட்கும் அதே பட்டியல், பல்லால் கூச்சப்பட்டீர்களா, டென்ஷனாக இருந்தீர்களா, பிறரிடம் எரிந்து விழுந்தீர்களா, வாழ்க்கையே நிறைவில்லாமல் போனதா என்றும் கேட்கிறது. அடுத்த ஆண்டு, லண்டனில் ஜானிஸ் ஃபிஸ்க் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் பற்களை முழுவதும் இழந்தவர்களிடம் உட்கார்ந்து பேசி ஒரு கட்டுரை எழுதினார்கள். நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தது போன்ற துக்கம், தன்மீதே நம்பிக்கை போவது, திடீரெனக் கிழடு தட்டிவிட்ட உணர்வு, வாழ்க்கைத் துணைக்கும்கூடத் தெரியாமல் பல் செட்டை மறைத்து வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல பல் செட் கட்டிக்கொள்ள வழியுள்ள ஊரிலேயே இப்படி. கட்டிக்கொள்ள வழியில்லாத ஊரில் அந்தத் துக்கம் எவ்வளவு நாள் நீளும்? உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 2016இல் வாய் நலத்துக்கு எழுதிய வரையறையில் மெல்லுவது, விழுங்குவதோடு, நம்பிக்கையோடு பேசுவதையும் சிரிப்பதையும் முகத்தில் உணர்ச்சியைக் காட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரையறைப்படி, பல்லைப் பிடுங்கி வலியை நிறுத்தியதோடு எங்கள் கடமை பாதிதான் முடிந்திருக்கிறது.

இப்போது மனத்தின் பக்கம் வருகிறேன். கிழக்குக் கடலோரத்தில், துறைமுக நிலத்தில் கவுலா பந்தர் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே முதலில் வந்து குடிசை போட்டவர்களில் பலர் நம் தமிழர்கள். பிறகு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்தார்கள். அரசு அங்கீகாரம் இல்லாத குடியிருப்பு என்பதால் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அன்றாடம் போராட்டம். அங்கே மருத்துவர் ராம்நாத் சுப்பராமனும் புகார் என்ற மும்பை ஆய்வு அமைப்பும் சேர்ந்து, குடியிருப்புகளிலேயே வளர்ந்த இளைஞர்களைக் கொண்டு 521 பேரிடம் விசாரித்தார்கள். 2014இல் வெளியான முடிவு: ஏறக்குறைய நால்வரில் ஒருவர், சரியாகச் சொன்னால் 23 சதவீதம் பேர், மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற நோய்க்கான அபாயத்தில் இருந்தார்கள். வறுமையையும் கடனையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் மிஞ்சிய காரணம், அந்த இடத்தின் வாழ்க்கைப்பாடு: தண்ணீர், கழிப்பறை, எலி, இடிக்க வருவார்களோ என்ற பயம். அங்கே யாரும் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. “டென்ஷன்” என்கிறார்கள். தாராவியிலும் அதே சொல்தான்.

இடிக்க வருவார்களோ என்ற அந்தப் பயம் புதிதன்று. செம்பூரிலிருந்து வந்திருப்பவர்களில் மூத்தவர்களுக்கு ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி நினைவிருக்கும். 1976இல் அதை இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். அதை எதிர்த்துப் போராடித்தான் கோலார் தங்கவயலில் பிறந்த நம் ஜோக்கின் அற்புதம் நாடறிந்த தலைவரானார். இன்று தாராவியில் வேறு விதமான காத்திருப்பு. மறுசீரமைப்பில் யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வெளியே, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்னால் இருந்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு அதே பேச்சு. தாடை வலிக்கிறது, காலையில் எழுந்தால் வாய் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று வருகிறவர்களின் வாயைப் பார்த்தால் கடைவாய்ப் பற்களின் மேடெல்லாம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதற்குக் காரணங்கள் பல. மனச்சுமை அவற்றில் முக்கியமானது. இரவில் போட்டுக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுக்கலாம். எதை நினைத்துக் கடிக்கிறார்கள் என்று கேட்காமல் தகடு மட்டும் கொடுத்தால், பல்லுக்குப் பதில் தகடு தேயும்.

பல்வலி படுத்தால் கூடும். தலை தாழ்ந்ததும் அங்கே ரத்த ஓட்டம் அதிகமாகி, பல்லுக்குள் இருக்கும் கூழில் அழுத்தம் ஏறுகிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர், விரிய இடமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்குப் போட முடியாது, எழுந்து நடக்க இடம் கிடையாது, நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். இப்படி நாலைந்து ராத்திரி போனால் திடமான மனமும் கலங்கும். அந்த நேரத்தில் பிள்ளையை அடித்துவிட்டு மறுநாள் அழுத தாய்மாரை எனக்குத் தெரியும்.

அந்த வலிக்குக் கைக்கெட்டும் மருந்தாக இருப்பது மிஷ்ரி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் பலரிடம் இது இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. புகையிலையை இரும்புத் தகட்டில் கருக வறுத்துப் பொடித்தால் மிஷ்ரி. விரலில் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பார்கள். மராட்டியப் பெண்களின் பழக்கம் இது. பக்கத்து வீட்டில் பார்த்து நம்மவர்களும் பழகியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை புகையிலை இருக்கிறது. புற்றுநோய் ஆய்வாளர் பிரகாஷ் குப்தா பம்பாயில் 35 வயதும் அதற்கு மேலும் ஆன 99,598 பேரிடம் கணக்கெடுத்து 1996இல் வெளியிட்டார். பெண்களில் 57.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். அநேகமாக எல்லோருமே புகைக்காமல், வாயில் வைப்பவர்கள். பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாதென்று இந்திய அரசு 1992இலேயே தடை போட்டுவிட்டது. தடை பாக்கெட்டுக்குப் பொருந்தும். வீட்டு அடுப்பில் வறுப்பதை என்ன செய்ய முடியும்?

ஏன் தேய்க்கிறீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் வயிறு சீக்கிரம் கழியும். பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பவருக்கு அது பெரிய விஷயம். பசி தெரியாது. பல்வலி மரக்கும். டென்ஷன் குறையும். இவற்றில் எதுவும் கற்பனை இல்லை, நிக்கோட்டின் இத்தனையையும் கொஞ்ச நேரத்துக்குச் செய்யும். அப்புறம் அது இறங்கும்போது வருகிற எரிச்சலையும் படபடப்பையும் அவர்கள் டென்ஷன் என்றே எண்ணி மறுபடி டப்பாவைத் திறக்கிறார்கள். இதற்கிடையில் ஈறு கீழிறங்கிக்கொண்டே போகும், வேர் வெளியே தெரியும், பல் ஆட்டம் காணும், கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைப் படலம் படியும். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று இந்த நாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. பரேலில் டாடா நினைவு மருத்துவமனையின் வராந்தாவில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறிவில்லாமல் செய்கிறார்கள் என்று மிஷ்ரி போடும் பெண்ணை ஏசுவது சுலபம். கழிப்பறையும் வலி மருந்தும் மனம் விட்டுப் பேச ஆளும் இல்லாத இடத்தில், மூன்றுக்கும் சேர்த்து அவள் கண்டுபிடித்த ஒரே மலிவான வழி அது. மாற்று மூன்றும் கொடுக்காமல் டப்பாவை மட்டும் பிடுங்க நமக்கு உரிமையில்லை என்பதே என் எண்ணம்.

பையன்கள் பக்கம், பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவும் மாவாவும். மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கு 2012இலிருந்து தடை இருக்கிறது. பாக்கும் புகையிலையும் தனித்தனிப் பொட்டலமாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்தது. தையல் பட்டறையிலும் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையன் தூக்கம் வராமலிருக்க அதைப் போடுகிறான். சில வருடத்தில் கன்னத்தின் உட்தசை நாராக இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழைவதே பாடாகிவிடும். மிளகாய் பட்டால் தீயாக எரியும். குழம்பு சாப்பிட முடியாத தமிழ்ப் பையன் மெஸ்ஸில் மற்றவர்களோடு உட்காருவதை மெல்ல நிறுத்திவிடுகிறான்.

முன்பல் உடைந்து வரும் பெண்கள் தனி வகை. “மோரியில வழுக்கி விழுந்துட்டேன்” என்பார்கள், வீட்டுக்குள் குளிக்கும் மூலையைச் சொல்லி. மோரியில் விழுந்தவர் கழுத்தில் விரல் தடம் இருக்காது. பல் மருத்துவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் பல்லை மட்டும் ஒட்டி அனுப்பக் கூடாது. சயான் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்த ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்னேஹா அமைப்பு, வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தாராவியில் வேலை செய்கிறது. அங்கே அனுப்ப ஒரு சீட்டு எழுதுவதும் பல் வைத்தியம்தான்.

மனநோயிலிருந்து பல்லுக்குப் போகும் பாதையும் இருக்கிறது. மனம் சோர்ந்தவர் முதலில் விடுவது பல் தேய்ப்பதை. மனநல மருந்துகள் பலவும் எச்சிலை வற்றச் செய்யும். எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாகப் பரவும். வாய் காய்கிறதென்று மிட்டாயைப் போட்டுக்கொண்டால் இன்னும் வேகம். ஸ்டீவ் கிஸ்லி குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் சொன்னது: கடுமையான மனநோய் உள்ளவர்கள் எல்லாப் பற்களையும் இழக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. இந்த மாத்திரைக்கு வாய் காயும், அடிக்கடி தண்ணீர் குடி, சர்க்கரை இல்லாததை மெல்லு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டு என்று மருந்து எழுதுகிறவர் சொல்ல அரை நிமிடம் ஆகும்.

இதற்கு நடுவே வெட்கம். சுவீடனில் உல்ஃப் பெர்க்ரென் 1984இலேயே எழுதிக்காட்டினார்: பயத்தால் மருத்துவரிடம் போகாமலிருக்க, பல் கெட்டுப்போக, கெட்டதை நினைத்து வெட்கம் சேர, வெட்கத்தால் இன்னும் போகாமலிருக்க, கடைசியில் தாங்க முடியாத வலியோடு போக, அதே பயம் இரட்டிப்பாகும். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் “இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்கும் வழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அந்த ஒரு கேள்வி ஓர் ஏழையை இரண்டு வருடத்துக்கு மருத்துவமனைப் பக்கம் வரவிடாமல் செய்யும். என் மாணவர்களிடம் நான் முதலில் விடச் சொல்வது அதைத்தான்.

என்ன செய்யலாம்? வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், டாக்டர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கோவாவில் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பும் மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பெண்களுக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அரசு மையங்களில் அவர்களிடம் வந்த மனச்சோர்வு, மனப்பதற்ற நோயாளிகளில் ஆறு மாதத்தில் மூவரில் இருவர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. ஒரு மாநிலத்தில் வாயைப் பார்க்க டாக்டரல்லாத பணியாளரால் முடிந்தது, இன்னொன்றில் மனத்தைக் கேட்கச் சாதாரணப் பெண்ணால் முடிந்தது. நம் சந்துகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாநகராட்சி சுகாதாரத் தொண்டரான ஆரோக்கிய சேவிகாவின் கையில் ஒரு டார்ச்சும் நாலைந்து கேள்விகளும் கொடுத்தால் இரண்டையும் ஒரே வாசற்படியில் செய்யலாம். வாயைத் திற அம்மா என்று சொன்னவளிடம் மனத்தையும் திறப்பது எளிது. மனநல மருத்துவரைப் பார் என்றால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்பவர்கள், பல்லைக் காட்டத் தயங்குவதில்லை.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது பல் செட். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். நடந்து வந்து கட்டிக்கொண்டு போகும் பல்லுக்கு அது உதவாது. அந்த ஓட்டையில்தான் தெருவோரம் பல் கட்டுபவர்கள் பிழைக்கிறார்கள். ஆடும் பல்லைக் கம்பியால் கட்டி, மேலே அக்ரிலிக்கை ஊற்றி ஒட்டிவிடுவார்கள், கழற்றவே முடியாது, அடியில் ஈறு அழுகும். கேரள அரசு ஏழை முதியவர்களுக்கு இலவசமாகப் பல் செட் கட்டிக்கொடுக்க மந்தஹாசம் என்ற திட்டத்தை நடத்துகிறது. கர்நாடகத்தில் தந்த பாக்கியம் என்று ஒன்று. நாட்டின் பணக்கார மாநகராட்சிக்கு இது முடியாத காரியமா? 1933இல் தொடங்கிய நாயர் பல் மருத்துவக் கல்லூரி மாநகராட்சியின் சொந்தக் கல்லூரி. 2022இல் தொடங்கிய ஆப்லா தவாகானா என்ற மாநகராட்சி மருத்துவ மையங்களும் அவற்றைச் சேர்ந்த பாலிகிளினிக்குகளும் இருக்கின்றன. அளவெடுப்பதையும் போட்டுப்பார்ப்பதையும் மாலையில் தாராவியிலேயே செய்து, செட்டை மட்டும் கல்லூரியில் தயாரித்து அனுப்பினால், கூலி இழக்கும் நாட்கள் பெரும்பாலும் மிச்சம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் சமைக்கும் அம்மாவும் பல் வைத்தியத்துக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். ரூட் கெனாலுக்கு இன்னும் இரண்டு தடவை போக வேண்டும் என்றால், போய் வா என்று நீங்களே அனுப்புங்கள். டென்ஷன், தூக்கமில்லை என்று அவர் சொன்னால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் வரும். பல் பிடுங்கப்படும் ஒவ்வோர் ஏழைக்கும் பல் கட்டிக்கொடுப்பதைத் தன் கடமையாக மாநகராட்சி ஏற்க வேண்டும் என்று கேட்கும் மனு, தமிழிலும் மராட்டியிலும், வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.